கண்ணாடிப்பொட்டும் உபரிப் பெண்ணும்

இதை மெதுவான குரலில்தான் சொல்ல முடியும். நான் இருப்பது ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில், லிஃப்டை இழுக்கும் மோட்டார் வைத்திருக்கிற அறையில். கீழே யாராவது பட்டனை அமுக்கினால் இங்கே மோட்டார் உறுமும். கம்பிவடம் ஓடும். உறுமல் நடுவில் எங்காவது நின்றுவிட்டால், யாரோ வேலை முடிந்து தன் வீட்டுக்குப் போகிறார் என்று அர்த்தம். கடைசி மாடி வரைக்கும் வந்தால்தான் பயம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட் எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும்தான் கட்டடம்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க. அதுக்கு மேல ஒரு ரூம் இருக்குன்னு ஒருத்தனுக்கும் தோணாது" என்று சொல்லி என்னை இங்கே விட்டுவிட்டுப் போனார். போகும்போது தலையைத் தடவிக் கொடுத்தார். முடியில் இன்னும் கிரீஸ் வாசனை அடிக்கிறது.

நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. என்மேல் புகார் எதுவும் கிடையாது. சிறுசொறி வகைப்பாட்டு நிலையம் எடுத்த முடிவின்படி எங்கள் வீட்டில் ஒரு பெண் உபரி. அந்தப் பெண் இப்போது நான். அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் கடலில் ஒரு சொறிமீன் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஜெல்லிமீன் என்பார்கள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். நிறமே கிடையாது, தண்ணீரில் தண்ணீரே மிதப்பது மாதிரி மிதக்கும். நான்கு மூலையிலும் நூல் போல ஒவ்வொரு வால் தொங்கும். நாங்கள் அதைக் கண்ணாடிப்பொட்டு என்போம். அதில் இரண்டு வகை. ஒன்று கொட்டினால் கொஞ்சம் அரிக்கும், சொறிந்துகொண்டே மறுபடியும் தண்ணீரில் குதிக்கலாம். இன்னொன்று கொட்டினால் முதலில் ஒன்றுமே தெரியாது. தலை துவட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது இடுப்பில் யாரோ ஆணி அடிப்பது மாதிரி ஆரம்பிக்கும். அப்புறம் வாந்தி, வியர்வை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் இதயம் கையை விரித்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எது எது என்று பிரித்துச் சொல்வதற்காகத்தான் அந்த நிலையத்தையே கட்டினார்கள்.

நாங்கள் இரட்டைப் பெண்கள். முதலில் பிறந்ததால் நான் பெரியவள், அவள் சின்னவள். வீட்டில் அதுவே கூப்பிடும் பெயராகிவிட்டது. அச்சு அசல் ஒரே மாதிரி இருப்போம். அம்மா பள்ளிச் சீருடை தைக்கிறாள். ஒரே துணியில் எங்களுக்குச் சட்டை வெட்டி, என் காலரின் உட்பக்கம் சிவப்பு நூலில் ஒரு தையலும் அவள் காலரில் நீல நூலில் ஒரு தையலும் போட்டுவிடுவாள். திட்டுவதற்கு முன்னால்கூடக் காலரைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் திட்டுவாள். அப்பாவுக்கு அதுவும் வேண்டாம். ஏதாவது ஒரு மொக்கை ஜோக் சொல்வார். சின்னவள் சிரித்தால் அவளுக்கு உடனே விக்கல் வந்துவிடும். எனக்கு வராது. "விக்குறது சின்னது, முறைக்கிறது பெரிசு" என்பார்.

அன்றைக்குக் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். சின்னவள் திடீரென்று துள்ளினாள்.

"பெரியவளே, எனக்குப் பொட்டு வெச்சுட்டாங்கடி!" என்று சிரித்தாள். விக்கினாள். தொடையில் கொசு கடித்த அளவுக்குச் சிவந்திருந்தது. ஒட்டிக்கொண்டிருந்ததைத் தண்ணீர் பாட்டிலுக்குள் பிடித்துப் போட்டாள். "கிளாஸ்ல கொண்டுபோய் காட்டலாம். உன் பெஞ்சுக்காரி அலறுவா பாரு."

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அவள் தட்டை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டுத் தரையில் சுருண்டாள். அப்புறம் அவள் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கொட்டினது எந்த இனம்?"

"கண்ணாடிப்பொட்டுங்க" என்றார் அப்பா.

"அது ஊர்ல கூப்பிடற பேரு. நிலையம் என்ன சொல்லுதுன்னு வேணும். கெட்ட வகைன்னா ஒரு ஊசி இருக்கு, போட்டா பொழச்சுக்குவா. சாதா வகைக்கு அதைப் போடக்கூடாது."

"சாதா வகைன்னா இப்படித் துடிப்பாளா?" என்றாள் அம்மா.

டாக்டரம்மா கட்டிலைப் பார்த்தார். சின்னவள் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"துடிக்க மாட்டா. அது எனக்கும் தெரியும்மா. வைத்தியம் நல்லாவே தெரியும், அனுமதிதான் கிடையாது. எனக்கு முன்னாடி இருந்த டாக்டர் நிலையத்தைக் கேக்காம ஒருத்தருக்கு ஊசி போட்டார். அவர் பொழச்சு நல்லா இருக்கார். டாக்டரைத்தான் காணோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி தாங்குவா. காலை வரைக்கும் இழுத்துட்டுப் போகாதீங்க."

அம்மா கட்டிலருகே இருந்தாள். நானும் அப்பாவும் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

நிலையம் அப்பாவுக்குப் பழக்கமான இடம். அங்கே இருக்கிற லிஃப்டை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அதைப் பற்றி ஒரு தடவை வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்த லிஃப்டில் கீழ்த்தளத்துக்கான பட்டன்மேல் டேப் ஒட்டியிருக்குமாம். ஏன் என்று கேட்டதற்கு, "கீழ போறவங்க பட்டன் அமுக்க மாட்டாங்க. நாங்கதான் அமுக்குவோம்" என்றார்களாம். அப்போது நாங்கள் சிரித்தோம். சின்னவள் விக்கினாள்.

வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "உருப்படிக்கு ஒரு உறவுதான் உள்ள போகலாம்."

"நான் மெக்கானிக்குங்க. இங்க வர்றவன்தான்."

"மெக்கானிக்னா நீங்க லிஃப்டுக்கு உறவு. போய் லிஃப்ட் பக்கம் நில்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "போ. பயந்தா சத்தம் போடு. லிஃப்ட் குழி வழியா எனக்குக் கேக்கும்" என்றார். அது ஆறுதலாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடிக் குடுவை. அதன்மேல் விளக்கு. முன்னால் கம்பளம். யார் வந்தாலும் அதன் முன் நின்று மூச்சை அடக்க வேண்டும்.

"இதுதான் மூலக் குடுவை" என்றார் காவலாளி. "ஆதியில புடிச்ச கண்ணாடிப்பொட்டு இதுலதான் இருக்கு. எதைக் கொண்டுவந்தாலும் இதோட ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்லுவாங்க. தெரியுதா?"

நான் உற்று உற்றுப் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது. "இல்லீங்க. ஒண்ணும் தெரியல."

"நல்லது. தெரியாம இருக்கறதுதான் அதோட முதல் அடையாளம். எங்க இயக்குநருக்கே இன்னி வரைக்கும் தெரிஞ்சதில்ல."

"ஒருவேளை கரைஞ்சு போயிருந்தா?"

காவலாளி என் வாயைப் பொத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்படிக் கேட்ட ஒரு அம்மா கீழ்த்தளத்துல இருக்காங்க" என்றார். "நல்லா வெச்சிருக்காங்க. குறை சொல்ல முடியாது."

முதலில் பிரிப்புத் துறை. அதன் தலைவர் மெலிந்த மனிதர். அறை முழுக்கத் தட்டிகள் வைத்துச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்திருந்தார். காலையில் உட்கார ஒரு நாற்காலி, மதியத்துக்கு வேறொரு நாற்காலி. நான் போனபோது இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மதியம் ஆகிவிட்டதா இல்லையா என்று அவருக்கே சந்தேகம்.

பாட்டிலிலிருந்து சொட்டு சொட்டாக எடுத்துத் தட்டில் விட்டு, லென்ஸ் வழியே பார்த்தார். கண்ணாடிப்பொட்டு ஒரு தடவை சுருங்கி விரிந்தது.

"குடைமேல பரு பருவா தெரியுதே, பாரு. அதுலதான் விஷம். சாதா வகைக்கு அது வரிசையா இருக்கும். இதுக்குத் தாறுமாறா இருக்கு. வாலிலும் வளையம் இருக்கு. இது வேற வகைதான். சந்தேகமே வேண்டாம்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப ஊசி போடலாமா சார்?"

"இரு. இந்தப் பக்கம் பரு நெருக்கமா இருக்கு, அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி இருக்கு. இடது பாதி ஒரு இனம், வலது பாதி இன்னொரு இனம்."

"ஒரே உடம்புதானே சார்?"

"உடம்பு ஒண்ணா இருக்கலாம். அது உடம்போட பிரச்சினை." அவர் மதிய நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ சின்னப் பொண்ணு, உனக்கு விளங்காது. புது இனம் கண்டுபிடிச்சா அதுக்கு மேலதிகாரி பேரை வைக்கலாம். அவர் சந்தோஷப்படுவார். பழைய இனம்தான்னு சொன்னா யாரு சந்தோஷப்படுவா? கொட்டுப்பட்டவங்க சந்தோஷப்படலாம். அவங்களால எனக்குப் பதவி உயர்வு கொடுக்க முடியுமா? இந்த நிலையத்துல நான் பேர் வைக்காத அதிகாரியே இல்ல. இயக்குநரோட மாமியாருக்கு ஒண்ணு, அவரோட நாய்க்கு ஒண்ணு. மாமியார் பேர் வெச்சது கொஞ்சம் கெட்ட வகை. அதுல அவருக்குத் தனி சந்தோஷம்."

"என் தங்கச்சி காலை வரைக்கும் தாங்க மாட்டா சார்."

"வேற வகைன்னு நான் சொல்லிட்டேனே. சேர்ப்புத் துறை ஒத்துக்கணும். அவ்வளவுதான். ஆனா அந்த ஆளு வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து எதையும் ஒத்துக்கிட்டதில்ல."

சேர்ப்புத் துறையில் சுவரே கிடையாது. இடித்துவிட்டார்கள். மேசை, பீரோ, கைகழுவும் தொட்டி எல்லாம் ஒரே கூடத்தில் கிடந்தன. தலைவர் குண்டாக, கனிவான முகத்தோடு இருந்தார். என் பாட்டிலை வாங்கி, கண்ணாடிப்பொட்டை ஒரு கிளாஸில் ஊற்றி, தன் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டையும் ஒரே ஸ்பூனால் கலக்கினார்.

"நல்ல வகை, கெட்ட வகைன்னு எதுவும் கிடையாதும்மா. கண்ணாடிப்பொட்டு ஒண்ணுதான். கொட்டுறது, கொட்டாம போறது எல்லாம் அதோட அன்னிக்கு மனசு."

"சார், அவ செத்துடுவா."

"சாகறதும் பொழைக்கறதும் ரொம்ப நெருங்கின வகைம்மா. உத்துப் பார்த்தா ஒரு மயிரிழைதான் வித்தியாசம். அதுக்குப் போய் ரெண்டு பேர் எதுக்கு?"

"அப்ப நீங்களும் உங்க பியூனும் ஒண்ணுதானா சார்?"

"அது வேற" என்றார் சட்டென்று. பிறகு பழைய கனிவு திரும்பியது. கையை நீட்டினார். டீ கிளாஸ் பக்கம் போகாமல் மற்ற கிளாஸ் பக்கம் போனது கை. நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். "பார்த்தியா, எனக்கே வித்தியாசம் தெரியல" என்று பெருமையாகச் சொன்னார்.

அந்த நேரத்தில் அம்மா ஃபோன் செய்தாள். "எங்கடி இருக்க? அவ நகத்தால பெட்ஷீட்டைக் கிழிக்கறா. என்னை அடையாளம் தெரியல அவளுக்கு. என்னை நீன்னு நினைச்சுப் பேசறா."

நான் கத்தியே விட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. லிஃப்ட் குழிக்குள்ளிருந்து அப்பா "பெரியவளே! பெரியவளே!" என்று கத்துவது கேட்டது. கதவுகள் திறந்தன. சத்தம் போட்டால் கூட்டம் கூட்டுவது அங்கே வழக்கமாம். பெரிய கூடத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இயக்குநர் மேடையில், ஆள் உயர லென்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதையும் அதன் வழியாகத்தான் பார்ப்பார். எங்களுக்குத் தெரிந்தது தட்டு அகலத்தில் ஒரு கண்தான். அது இமைக்கும்போது கூடமே கொஞ்சம் இருட்டுவது போல இருந்தது. அவர் கையருகே ஒரு மணி.

"இந்த நிலையம் எதற்காக இருக்கிறது?" என்று ஆரம்பித்தார். மேடையில் அவர் எழுத்துநடையில்தான் பேசுவார். "தெளிவுக்காக. மக்கள் குழம்பியிருந்தார்கள். இரண்டு வகை என்று நினைத்துக் குழம்பியிருந்தார்கள். நாம் வந்தோம். இன்று எத்தனை வகை என்று ஒருவருக்கும் தெரியாது. குழம்புவதற்கே ஒருவரும் மிச்சமில்லை. இதைவிடப் பெரிய தெளிவு உண்டா? கொட்டுப்பட்டவர்கள் எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. எந்த இனம் கொட்டியது என்று முடிவாகாதவரை ஒருவர் கொட்டுப்பட்டவர் ஆக மாட்டார். முடிவாகும்போது பெரும்பாலும் அவர் இருப்பதில்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். பிரிப்புத் துறை ஒவ்வொரு கையாகத் தனித்தனியே மேசையில் தட்டியது.

பிறகு இரண்டு தலைவர்களும் சண்டை போட்டார்கள். வேற என்றார் ஒருவர். ஒண்ணு என்றார் மற்றவர். நான் கையில் கிளாஸைப் பிடித்தபடி நின்றேன். கண்ணாடிப்பொட்டின் துடிப்பு மெதுவாகிக்கொண்டே வந்தது. வால்கள் சுருண்டு உள்ளே போயிருந்தன.

"கொட்டுப்பட்டது யார்? காட்டு" என்றது கண்.

ஃபோனில் இருந்த சின்னவளின் படத்தைக் காட்டினேன்.

கண் படத்தைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடியும் படத்தைப் பார்த்தது. "இது நீதானே?"

"என் தங்கச்சி சார். ரெட்டை."

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கண்ணாடிப்பொட்டை எல்லோரும் மறந்தே போனார்கள். என்னைச் சுற்றி லென்ஸ்கள் வந்தன. காதுக்குப் பின்னால், நகத்துக்கடியில், புருவத்தில். ஒருவர் என் முழங்கையை மோந்துகூடப் பார்த்தார்.

"எதை வெச்சு உங்களைப் பிரிக்கறது?" என்று பிரிப்புத் துறைத் தலைவர் ஆசையோடு கேட்டார்.

"அம்மா காலர்ல நூல் தெச்சிருக்காங்க. எனக்கு சிவப்பு, அவளுக்கு நீலம்."

"நூல் உடம்பு இல்ல. உறை. செல்லாது."

"அவ சிரிச்சா விக்கல் வரும் சார். எனக்கு வராது."

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "அது நடத்தை. நடத்தையெல்லாம் கணக்குல வராது. செத்த பிறகும் தெரியற அடையாளம்தான் அடையாளம்."

சேர்ப்புத் துறைத் தலைவரின் முகம் மலர்ந்தது. "ஒண்ணுதான்! நான் சொல்லலை?"

அப்போதுதான், அந்த நிலையத்தின் வரலாற்றில் முதல் தடவையாக, இரண்டு துறைகளும் சமாதானம் பேசின. அதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"எப்பவும் நீங்களே ஜெயிச்சா எப்படிங்க? ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்குவோம்" என்றார் பிரிப்புத் துறைத் தலைவர்.

"சரி. பொட்டு உங்களுக்கு. பொண்ணுங்க எனக்கு."

"பொட்டு பிரியட்டும்."

"பொண்ணுங்க சேரட்டும்."

இருவரும் கைகுலுக்கினார்கள். வயதான ஓர் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இயக்குநர் மணியை எடுத்தார். "கிளாஸில் உள்ளது சாதா வகையிலிருந்து வேறான வகை. மருந்து கொடுக்கலாம்." மணி அடித்தது. நான் ஓடத் திரும்பினேன். "நிற்கவும். இரட்டையர் இருவர் அல்லர், ஒருவர். முதலில் பிறந்தது நிற்கும். பின்னால் பிறந்தது உபரி. உபரிக்கு மருந்து கிடையாது. காலையில் நிலையம் எடுத்துக்கொள்ளும்." மணி மறுபடியும் அடித்தது.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எடுத்துக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"பத்திரமா வைப்போம்" என்றார் பிரிப்புத் துறைத் தலைவர்.

"எதுல?"

அவர் பையிலிருந்து டேப்பை எடுத்து, தோளிலிருந்து குதிகால்வரை என்னை அளந்தார். சின்னவளுக்கும் அதே அளவுதானே. அம்மா அளவெடுக்கும்போது, "மூச்சை இழுக்காம சாதாரணமா நில்லுடி" என்பாள். இவர், "மூச்சை அடக்கிப் பழகு" என்றார்.

நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நிலையத்திலிருந்து ஃபோன் வந்துவிட்டிருந்தது. ஊசிமருந்து தட்டில் தயாராக இருந்தது. டாக்டரம்மா அதைத் தொடாமல் கைகட்டி நின்றார்.

"பெரியவளுக்குப் போடலாமாம். சின்னவள்னு யாரும் இல்லையாம். எனக்கு வந்த உத்தரவுப்படி இந்தக் கட்டில்ல ஆளே இல்ல."

ஆளே இல்லாத கட்டில் முனகியது. சின்னவளின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அப்பா சுவரில் சாய்ந்து வழுக்கியபடி உட்கார்ந்துவிட்டார். அம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் வாயால் அதைக் கேட்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"மாத்தும்மா" என்றேன்.

அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஊசியும் நூலும் இருக்கும். அவள் என் காலரைப் புரட்டி, சிவப்பு நூலைப் பல்லால் கடித்து உருவினாள். மூச்சு என் கழுத்தில் சுடச்சுடப் பட்டது. பிறகு சின்னவளின் காலரில் நீலத்தைப் பிரித்தாள். கட்டிலில் குனிந்து சிவப்பைத் தைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி நீலத்தைத் தைத்தாள். கோணல்மாணலாக இருந்தது. அம்மா அப்படித் தைத்து நான் பார்த்ததே இல்லை.

"டாக்டர்," என்றாள், "கட்டில்ல இருக்கறது பெரியவ."

டாக்டரம்மா காலரைப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் வித்தியாசமே இல்லைன்னு நிலையமே சொல்லிடுச்சு. நீங்க பெரியவள்னு சொன்னா, இல்லைன்னு சொல்ல நான் யாரு?" என்றபடி ஊசியை எடுத்தார்.

"அப்ப நிக்கறது?" என்று அப்பா தரையிலிருந்து கேட்டார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"நிக்கறவங்களைப் பத்தி எனக்கு உத்தரவு எதுவும் இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. என் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை.

விடியும்போது சின்னவள் கண் திறந்தாள். "பசிக்குது" என்றாள். அம்மா அவள் காலடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அதுவரை அழாததையெல்லாம் அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான். உண்மையாகவே சந்தோஷம். அதைச் சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

வெள்ளைக் கோட்டில் இரண்டு பேர், நீளமான ஒரு கண்ணாடித் தொட்டியோடு படியேறி வந்தார்கள். கட்டிலில் சிவப்பு நூல். ஓரத்தில் நீல நூலோடு நான். "உபரி இதுவா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தொட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீராக இருக்கலாம்.

அப்பா எழுந்து நின்றார். முகத்தில் வேலைக்காரச் சிரிப்பு. "வெயிட்டு ஜாஸ்தியா இருக்கே சார்! படியில எதுக்குக் கஷ்டப்படணும்? லிஃப்ட்ல எறங்குங்க. பொண்ணை நான் படி வழியா கூட்டிட்டு வர்றேன்." கதவை அவரே திறந்துவிட்டார், அவரே மூடினார். லிஃப்ட் இறங்க ஆரம்பித்ததும் பக்கத்துப் பெட்டியில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

அவர்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறார்களாம். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்பதால், அவர்கள் எந்த மாடியைச் சேர்ந்தவர்கள் என்று நிலையம் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவாகாமல் கதவைத் திறக்க முடியாது. கம்பி இடுக்கு வழியாகத் தண்ணீரும் ரொட்டியும் கொடுக்கிறார்கள் என்று அப்பா சொன்னார்.

நான் இங்கே வந்துவிட்டேன். சின்னவள் தேறி, பெரியவளாகப் பள்ளிக்கூடம் போகிறாள். என் பெஞ்சில், என் பெஞ்சுக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்கிறாள்.

உபரி கிடைக்காததால் நிலையத்துக்குத் தாங்கவில்லை. நடத்தையையும் அடையாளமாக ஒத்துக்கொள்வதாகத் தாற்காலிகமாக ஒரு மணி அடித்திருக்கிறார்கள். இப்போது வகுப்புக்கு வகுப்பு ஓர் அதிகாரி வந்து நின்று ஜோக் சொல்கிறார். முகத்தில் சலனமே இல்லாமல் சொல்கிறார். சொல்லி முடித்ததும் யார் விக்குகிறார்கள் என்று லென்ஸை எடுத்துப் பார்க்கிறார். பிள்ளைகள் பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். சிரிக்காமல் இருந்தாலும் தப்பு. சிரிக்காத வகை என்று ஒன்று புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். தெருவில் யார் யார் யாரைப் போல் இருக்கிறார்கள் என்றும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்வீட்டில் அப்பாவும் மகனும் ஒரே மூக்கு. மகன் ஒரு வாரமாக வெளியே வருவதில்லை.

அதனால் சின்னவள் வீட்டில் விக்காமல் சிரிக்கப் பயிற்சி எடுக்கிறாள். அப்பா ஜோக் சொல்வார், அம்மா அவள் முதுகில் கை வைத்திருப்பாள். முதலில் கஷ்டமாக இருந்ததாம்.

அவள் போன தடவை சாப்பாடு கொண்டுவந்தபோது நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கதவுக்கு வெளியே நின்று அவள் சிரிக்க வேண்டும். தனியாக வந்திருந்தால் அடக்காமல் விக்க வேண்டும். கூட யாராவது இருந்தால் விக்கலை அடக்கிக்கொள்ள வேண்டும். விக்கல் கேட்டால்தான் நான் திறப்பேன்.

"மறந்துடாதடி" என்றேன்.

"மறப்பேனா? நீ ஒழுங்கா சாப்பிடு, சின்னவளே" என்றாள். சொல்லிவிட்டுப் போயே விட்டாள். என்ன சொன்னாள் என்று அவள் கவனிக்கவில்லை. அவள் போன பிறகு நான் காலரைப் புரட்டி, இருட்டில் விரலால் அந்தக் கோணல் தையலைத் தடவிக்கொண்டே இருந்தேன். இருட்டில் எல்லா நூலும் ஒரே நிறம்தான்.

கொஞ்ச நேரம் முன்னால் மோட்டார் உறுமியது. நடுவில் நிற்கும், நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. கடைசி மாடிவரை வந்தது. கதவு திறந்தது. காலடிச் சத்தம் ஏணிப்படியில் ஏறி வந்தது. ஒரு ஆளுடையதா, கூட யாராவது இருக்கிறார்களா, சொல்லத் தெரியவில்லை. இரும்புப் படியில் எல்லாம் எதிரொலிக்கிறது.

"நான்தான்" என்றது வெளியே ஒரு குரல். என் குரலேதான்.

நான் கதவில் காதை வைத்திருக்கிறேன்.

இப்போது அவள் சிரிக்கிறாள். அழகாக, நிதானமாக, ஒரு தடங்கலும் இல்லாமல், நான் சிரிப்பது மாதிரியே சிரிக்கிறாள்.

விக்கல் இன்னும் வரவில்லை.